மூன்று மணிக்குக் கிழக்கிலிருந்து வந்த வெயில்

போன வாரம் என் மாமனாரின் ஸ்கூட்டரை நான் ஏரியில் இறக்கிய கதையைப் படித்துச் சிரித்ததாக நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவர் என் மாமனார். இந்த வாரக் கதைக்கு நானே சிரிக்கவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ராசேந்திரனின் வலது காலில் முழங்கால் தொடங்கிப் பாதம் வரை மாவுக்கட்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலின் நீளம் போதாமல் பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாத்துக்குடிப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் அந்தப் பாதத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி சுற்றியது. காற்று பக்கத்துக் கட்டிலுக்குப் போனது.

பல வருடங்களாக எழுதுகிறேன். என் எழுத்தால் இந்த உலகத்தில் ஒரு துரும்பும் அசையவில்லையே என்று மனைவியிடம் புலம்பியிருக்கிறேன். அன்று அசைந்திருந்தது. நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம், எழுதிய இரண்டே வாரத்துக்குள் ஒரு மனிதனின் காலை இரண்டு இடத்தில் முறித்திருந்தது.

"இன்னா சார், உங்களுக்கு அடிபட்ட மாதிரி மூஞ்ச வெச்சிக்கினு குந்தியிருக்கீங்க?" என்றார் ராசேந்திரன்.

சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தேன்.

அங்கே என்ன சுடுவார்கள்?

ராசேந்திரனின் கால் வரைக்கும் வர, ஆறு மாடி ஏறி இறங்க வேண்டும்.

அந்தக் கம்பெனியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொல்லவும் தேவையில்லை. இந்தத் தொடரின் வாசகர்களில் பாதிப் பேர் இதைப் படிக்கும் நேரத்தில் அவர்களுடைய தயாரிப்பின் மேல்தான் உட்கார்ந்திருப்பார்கள். தரைக்கு டைல்ஸ், சுவருக்கு டைல்ஸ், கை கழுவும் தொட்டி, இன்ன பிற. கம்பெனியை ஆரம்பித்த பெரியவர் இளமையில் எங்கள் விருத்தாசலத்தில்தான் பீங்கான் தொழில் படித்தாராம். வயதான பிறகு மனிதர்களுக்கு வரும் விபரீத ஆசைகளில் ஒன்றாக, சென்னையில் இருந்த தலைமையகத்தை இங்கே தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டார். பீங்கான் தொழிற்பேட்டையை ஒட்டி ஆறு மாடி. நான்கு பக்கமும் கண்ணாடி.

எங்கள் ஊருக்குத் தொழிற்சாலை தெரியும். சூளை தெரியும். தலைமையகம் என்றால் என்னவென்று தெரியாது. கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது டீக்கடையில் என்னிடம் கேட்டார்கள்.

"ஏன் சார், இவ்ளோ பெருசா கட்டுறாங்களே, பொகபோக்கி எங்க வெக்கப் போறாங்க?"

"புகைபோக்கி கிடையாது."

"அப்ப உள்ள இன்னாதான் சுடுவாங்க?"

"ஒன்றும் சுட மாட்டார்கள். கூட்டம் போட்டுப் பேசுவார்கள்."

"பேசறதுக்கா ஆறு மாடி?"

கேட்டவர் அதிர்ச்சியில் டீயை ஆறவிட்டுவிட்டார். எனக்கு ஊரின் அறியாமையை நினைத்துச் சிரிப்பு வந்தது. அடுத்த ஆறு மாதத்தில் அதிர்ச்சிகள் என் வாசலுக்கே வந்து காலிங் பெல் அடித்தன.

முதலில் வாடகை. என் வீட்டுக்காரர் ஒருநாள் மாலை வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, "நல்லா காத்தோட்டமான வூடு" என்றார். பதினெட்டு வருடமாக அந்த வீட்டில் காற்று வரவில்லை என்று அவரிடம் முறையிட்டுக்கொண்டிருக்கிறேன். கம்பெனி ஆட்கள் வீடு தேட ஆரம்பித்ததும் காற்று வந்துவிட்டது.

அடுத்தது மனை. கருவேப்பிலங்குறிச்சி சாலையில் ஒரு போர்டு: 'ஹெட் ஆபீஸிலிருந்து ஐந்தே நிமிடம்.' பெண்ணாடத்தில் கரும்புக் கொல்லைக்கு நடுவே இன்னொரு போர்டு: அதே ஐந்து நிமிடம். நல்லூர்ப் பக்கம் போனேன். அங்கேயும் ஐந்து நிமிடம்தான். எங்கள் டவுன் பஸ்ஸில் ஐந்து நிமிடத்தில் பஸ் ஸ்டாண்டை விட்டே வெளியே வர முடியாது.

பரோட்டாக் கடை 'கஃபே' ஆனது. அதே கல், அதே மாஸ்டர், விளக்கு மட்டும் மஞ்சளாகி மங்கிவிட்டது. சாப்பிடுவது எது என்று தெரியாமல் சாப்பிடுவதற்குத் தனி விலை. என் சலூன்காரர், முப்பது வருடமாக ஒரே தலையை ஒரே மாதிரி வெட்டியவர், "இன்னா ஸ்டைலு சார்?" என்று கேட்டார். வெட்டுவதற்கு முடியே இல்லாத ஒருவனிடம் கேட்கும் கேள்வியா இது?

இவையெல்லாம் வேடிக்கை. எழுதிப் பிழைப்பவனுக்கு இப்படி ஒரு கம்பெனி ஊருக்கு வருவது ஒரு வரம். ஆறேழு கட்டுரை தேற்றினேன். அந்தக் கட்டடத்தால் ஒருவரின் பிழைப்பே போகப் போகிறது என்று எனக்கு உறைக்கவில்லை. அதுவும் நான் தினமும் தாண்டிப் போகிற ஷெட்டில்.

பிள்ளையாரின் தும்பிக்கை

சகுந்தலா தொழிற்பேட்டையில் பொம்மை யூனிட் வைத்திருப்பவர். என் வயதுதான். எட்டுப் பெண்களை வைத்துக்கொண்டு கொலு பொம்மைகள் செய்கிறார். என்னை 'எழுத்தாளரே' என்று கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லில் எத்தனை ஏளனத்தை ஏற்றலாம் என்பதை அவரிடம்தான் கற்க வேண்டும்.

அவர் தொழிலைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையை நிழலில் மெதுவாகக் காய வைக்க வேண்டும். காய்ந்த பிறகுதான் சூளை. அவசரமாகக் காய்ந்தால் மண் விரிசல் விட்டுவிடும். அதனால் சகுந்தலாவின் ஷெட்டுக்குக் கிழக்கே ஒரு முற்றம் உண்டு. மதியத்துக்கு மேல் ஷெட்டின் நிழல் அதில் விழும். பொம்மைகளை அங்கே பலகையில் வரிசையாக அடுக்கிவிட்டு, எல்லாரும் உள்ளே போய் வர்ண வேலை பார்ப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு வந்து எடுப்பார்கள். பல வருட வழக்கம்.

அந்த வருடம் சென்னை வியாபாரி ஒருவர் நவராத்திரிக்குப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார். முழுக்கப் பிள்ளையார். சரியாகக் கொடுத்தால் வருடா வருடம் வருவேன் என்றார். கொடுக்காவிட்டால் வேறு ஊர் பார்த்துக்கொள்வேன் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லாமலே புரிந்தது.

கோடையில் முதல் வரிசைப் பிள்ளையார்களை ஐந்து மணிக்கு எடுக்கப் போனபோது பாதிப் பேருக்குத் தும்பிக்கையில் விரிசல். மறுநாள் முக்கால்வாசிப் பேருக்கு. தும்பிக்கை உடைந்த பிள்ளையாரை யார் கொலுவில் வைப்பார்கள்?

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பீங்கான் ஊரில் எது விரிசல் விட்டாலும் எல்லாரும் குனிந்து மண்ணைத்தான் பார்ப்போம். அண்ணாந்து பார்க்கும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. கல்யாணம் முறிந்தால்கூட 'அந்த ஊரு மண்ணு அப்புடி' என்பவர்கள் நாங்கள். சகுந்தலா மண்ணைச் சலித்தார். தண்ணீரை மாற்றினார். பீங்கான் தொழில் படித்த வாத்தியார் ஒருவர் வந்து, மண்ணை விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "மண்ணுலதான் கோளாறு" என்றார். வெயில் கொஞ்சம் ஜாஸ்தியோ என்று ஒரு பெண் சொன்னாளாம். மற்றவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்களாம். விருத்தாசலத்தில் வெயிலை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது குடும்பத்தில் ஒருவர் மாதிரி.

மண் கொண்டு வருபவர் ராசேந்திரன். கருவேப்பிலங்குறிச்சிக்காரர். பத்து வருடமாக அவர் மண்தான். சகுந்தலா வேறொருவரிடம் ஒரு லோடு வாங்கிப் பார்த்தார். அதுவும் வெடித்தது. அப்போதாவது மண்ணைச் சந்தேகப்படுவதை விட்டிருக்க வேண்டும். சகுந்தலா வேறு முடிவுக்கு வந்தார்.

"இவனும் அந்த ராசேந்திரன்கிட்டதான் வாங்கியாந்து எனக்கு விக்கிறான், எழுத்தாளரே. ரெண்டு பேரும் கூட்டு."

எனக்கும் அது சரியாகப் பட்டது. துப்பறியும் கதை நிறையப் படித்ததன் விளைவு.

கடைசி வரி வரை படிப்பவர்

கோர்ட்டுக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பத்திரிகை எழுத்து என் புகழுக்கு; ஜெராக்ஸ் என் சாப்பாட்டுக்கு. கடையில் மனுவும் எழுதிக் கொடுப்பேன். கலெக்டருக்கு எழுதுவேன், தாசில்தாருக்கு எழுதுவேன், கொளஞ்சியப்பருக்கும் எழுதுவேன்.

வெளியூர்க்காரர்களுக்காக: மணவாளநல்லூரில் இருக்கும் எங்கள் முருகனுக்குக் கொளஞ்சியப்பர் என்று பெயர். யார் மேலாவது மனக்குறை இருந்தால், பெயர், ஊர், குற்றம் எல்லாவற்றையும் தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து, அங்கிருக்கும் வேலில் கட்டிவிடுவார்கள். இதற்குப் பிராது கட்டுவது என்று பெயர். குற்றவாளி இருக்கும் ஊர் எவ்வளவு தூரமோ அதற்கேற்பக் கட்டணம். விவகாரம் தீர்ந்தால் மறக்காமல் வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். என் எழுத்தைக் கடைசி வரி வரை படிக்கும் வாசகர் அவர் ஒருவர்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இனிமேல் சொல்ல மாட்டேன்.

சகுந்தலா கடைக்கு வந்து, ஒரு விரிசல் பிள்ளையாரை ஜெராக்ஸ் மிஷின் மேல் வைத்தார்.

"எழுதுங்க. நல்லா நறுக்குன்னு எழுதுங்க. பத்திரிகையில எழுதற மாதிரி வளவளன்னு வேணாம்."

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. நறுக்கென்று எழுதினேன். 'மேற்படி ராசேந்திரன் என்பவர் நல்ல மண்ணில் மணலைக் கலந்து, எட்டுக் குடும்பங்களின் சோற்றிலும் கலந்துவிட்டார்.' எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது சகுந்தலாவின் கண் கலங்கியது. என் வாழ்க்கையில் என் எழுத்துக்குக் கண் கலங்கிய முதல் ஆள். பெருமையில் ஜெராக்ஸ் ஒன்று இலவசமாகக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்துக்குள் ராசேந்திரன் மொபெட்டோடு விழுந்தார்.

சாத்துக்குடியும் உண்மையும்

இனி ஆஸ்பத்திரி.

"எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே, வேல் ஒன்று வானத்திலிருந்து வந்து மொபெட்டின் முன்சக்கரத்தில் இறங்கும் காட்சி என் மனதில் ஓடியது.

"அத ஏன் கேக்குறீங்க. சகுந்தலா அக்கா மண்ணு வேணாமுன்னுட்டாங்க. இத்தினி வருசம் வாங்கினவங்க, ஏன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாமுன்னுதான் வந்தேன். மூணு மணிக்கு மேல இருக்கும். வெயிலுக்கு முதுவு காட்டிதான் சார் வந்தேன். பேட்டைக்குள்ள திரும்பறேன், எதுருல ஒரு சூரியன்!"

"எதிரிலா?"

"சத்தியமா சார். முதுவுல ஒண்ணு சுடுது, மூஞ்சில ஒண்ணு அடிக்குது. கண்ணு வெள்ளையாப் பூடுச்சி. அப்புறம் பாத்தா சாக்கடையில கெடக்கறேன். அந்த ஆறு மாடி இருக்குதே, அதுல பட்டுத் திரும்பி அடிக்குது. எந்த எடத்துல கண்ணாடி வெக்கறதுன்னு வெவஸ்த வேணாம்?"

என் கையிலிருந்த சாத்துக்குடி நசுங்கியது. அந்த ஆறு மாடிக்கு நேர் மேற்கேதான் சகுந்தலாவின் முற்றம்.

"நீங்கதான பிராது எழுதுவீங்க," என்று ராசேந்திரன் எழுந்து உட்கார முயன்றார். "அந்தக் கம்பெனி மேல ஒண்ணு எழுதிக் குடுங்க சார். மெட்ராசுலயே இருந்திருந்தா கிலோமீட்டருக்குக் காசு எக்கச்சக்கமா ஆயிருக்கும். இப்ப ஊருக்குள்ளயே வந்துட்டாங்க, செலவு கம்மி."

இதற்கு மேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விரிசல், வாத்தியார், பிராது, வேல்.

"இன்னான்னு எழுதுனீங்க? சொல்லுங்க, அப்புடியே சொல்லுங்க."

சொன்னேன். பெருமையோடு எழுதிய வாக்கியம் வாயில் மணலாக நறநறத்தது.

"மணலா?" ராசேந்திரனின் குரல் உடைந்துவிட்டது. "கால் போனது போவட்டும் சார், அது கூடிடும். மணலுன்னு எழுதிட்டீங்களே! பத்து வருசத்துல ஒரு பொட்டு மணல் இருந்திருக்குமா என் மண்ணுல? அதுவும் சாமிகிட்டயா எழுதிக் குடுப்பீங்க?"

பக்கத்துக் கட்டில்காரர் என்னைப் பார்த்த பார்வையில், மனிதனிடம் பொய் சொல்பவன் பரவாயில்லை என்ற கருத்து தெளிவாக இருந்தது.

என் நிழல் போன திசை

சகுந்தலாவிடம் போய்ச் சொன்னபோது நம்பவில்லை. "கண்ணாடி போயி மண்ண வெடிக்க வெக்குமா? நல்லா ரீலு சுத்துறீங்க, எழுத்தாளரே" என்றார். ஆனாலும் மறுநாள் வேலையை நிறுத்திவிட்டு முற்றத்தில் வந்து நின்றார். நானும் நின்றேன். எட்டுப் பெண்களும் வாசலில் கூடிவிட்டார்கள்.

இரண்டரை மணி. ஷெட்டின் நிழல் முற்றத்தில் குளிர்ச்சியாகப் படுத்திருந்தது. பலகையில் நேற்று எடுத்த பிள்ளையார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சகுந்தலா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

கொஞ்ச நேரத்தில் காம்பவுண்ட் சுவரை ஒட்டி ஒரு வெள்ளைப் பட்டை விழுந்தது. அது தரையில் மெல்ல நகர்ந்து வந்து, முதல் வரிசைப் பிள்ளையார்களின் மேல் ஏறியது. மூன்று மணிக்கு முற்றம் முழுக்க வெளிச்சம். கழுத்துப் பக்கம் சுட்டது. தற்செயலாகக் குனிந்தேன். என் நிழல் மேற்கே நீண்டிருந்தது.

சூரியனும் மேற்கில்தான் இருந்தது.

இத்தனை வயதில் எத்தனையோ பார்த்தாயிற்று. என் நிழல் சூரியனை நோக்கிப் போய் அன்றுதான் பார்த்தேன். பெண்களில் ஒருத்தி "அம்மாடி" என்றாள். வெயிலைச் சந்தேகப்பட்டவள் அவள்தானாம்.

சகுந்தலா குனிந்து ஒரு பிள்ளையாரை எடுத்தார். தும்பிக்கையின் வளைவில் மயிரிழைபோல ஒரு கோடு, எங்கள் கண் முன்னால் நீண்டது.

"பாவி நானு. அந்த மனுசன் பேர்ல போயி..." என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் மூன்று பேரும் ஆட்டோவில் மணவாளநல்லூர் போய்ப் பிராதை வாபஸ் வாங்கினோம். ராசேந்திரன் தாங்குகட்டையோடு வந்து, 'மணல் இல்லை' என்று தனியாக ஒரு வரி எழுதச் சொன்னார். எழுதினேன். நறுக்கென்று.

ஹெட் ஆபீஸ்

வாபஸ் வாங்கியதால் விரிசல் நிற்கவில்லை. பலகைகளைத் தள்ள ஷெட்டுக்குள் இடமில்லை. சகுந்தலா ஈரச்சாக்குப் போட்டுப் பார்த்தார். பொம்மை நமுத்துக் குழைந்தது. நவராத்திரிக்கு இருந்த நாட்களில் மறுபடி மொத்தத்தையும் ஊற்றி எடுக்க ஒரு தடவைதான் அவகாசம் இருந்தது. அதுவும் வெடித்தால் வியாபாரி போனார். ஷெட்டை மூட வேண்டியதுதான்.

அதனால் மூன்று பேரும் கம்பெனிக்கே போனோம். உள்ளே குளிர். வெளி வெயிலில் கூசிய கண்ணுக்கு ஒன்றும் புலப்படாமல், வரவேற்பறையின் செடி ஒன்றுக்கு வணக்கம் வைத்தேன்.

நிர்வாக மேலாளரின் பெயர் முரளி. மிகவும் தன்மையான மனிதர். எங்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சகுந்தலா நீட்டிய பிள்ளையாரை வாங்கினார். திருப்பினார். விரிசலைக் கட்டைவிரலால் தடவினார். தொழில் தெரிந்தவர் என்று அந்த விரலே சொன்னது. எனக்கு நம்பிக்கை வந்தது.

"இது மண்ணுல ப்ராப்ளம்மா" என்றார். "யார்கிட்ட வாங்கறீங்க?"

ராசேந்திரன் தாங்குகட்டையைத் தரையில் ஓங்கி ஒரு இடி இடித்தார். "என்கிட்டதாங்க!"

செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார். ஆறு மாடி உயரத்துக்குப் போனாலும் பீங்கான்காரர்கள் குனிந்துதான் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

"சார்," என்றார் சகுந்தலா, மெதுவாக. "மண்ண அப்புறம் பாக்கலாம். நீங்க மூணு மணிக்கு எங்க ஷெட்டாண்ட வந்து சும்மா நில்லுங்க. பக்கந்தான். உங்க கண்ணாடிக்கு நேர் கீழ."

வந்தார். அதற்காகவே அவரை மன்னித்தேன். பளபளக்கும் ஷூவோடு முற்றத்தின் நடுவில், பிள்ளையார்களுக்கு இடையில் நின்றார். வெள்ளைப் பட்டை வந்தது. தரையைத் தாண்டியது. ஷூவில் ஏறி, முழங்காலில் ஏறி, முகத்தில் அறைந்தது. அவர் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். விரல் இடுக்கு வழியாக அண்ணாந்து பார்த்தார்.

"இது எங்க பில்டிங்கா?" என்றார்.

சகுந்தலா தலையை ஆட்டினார்.

"மேலேர்ந்து தெனமும் இந்த ஷெட்ட பாக்கறேன். இங்கேர்ந்து அத பாத்ததே இல்ல." குரல் இறங்கிவிட்டது. குனிந்து ஒரு பிள்ளையாரைத் தொட்டவர், சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். "கண்ணாடிக்கு வெளிய வலை கட்டினா போதும்மா. நிச்சயமா செய்யலாம்."

"எப்ப சார்?"

"இப்பவே மெயில் போட்டுடறேன். ஹெட் ஆபீஸ்லேர்ந்து அப்ரூவல் வந்ததும்..."

பிற்பாடு என்னிடம் அவரே சொன்னார்: வேலையில் சேர்ந்த நாள் முதல் ஊர் ஊராகக் கிளை அலுவலகங்களில்தான் இருந்தாராம். எது கேட்டாலும் இந்த ஒரே வாக்கியம்தான் வாயில் வருமாம்.

சகுந்தலா அவரை நேராகப் பார்த்துக் கேட்டார். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே தெரியாமல் வழி கேட்பவர் மாதிரி கேட்டார்.

"ஹெட் ஆபீசு எங்க சார் இருக்குது?"

முரளி மெல்லத் திரும்பி, தகதகவென்று எரிந்துகொண்டிருந்த அந்த ஆறு மாடியைப் பார்த்தார். அத்தனை வருடம் எந்த இடத்துக்கு எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தாரோ அந்த இடம் அவர் தலைக்கு மேலேயே நின்றது.

போனை எடுத்தார். "முரளி பேசறேன். மேற்குப் பக்கம் முழுக்கப் பச்சை வலை கட்டணும். நர்சரிக்குப் போடுவாங்களே, அது. நாளைக்கு இல்ல, இன்னிக்கு." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "யார் அப்ரூவலா? நான்தான்."

(வலை அன்று மாலையே வந்தது. இன்றும் தொங்குகிறது. வெளியூர்க்காரர்கள் கட்டடம் இன்னும் முடியவில்லை என்று நினைக்கிறார்கள். நவராத்திரிக்குப் பிள்ளையார்கள் முழுத் தும்பிக்கையோடு சென்னைக்குப் போனார்கள், ராசேந்திரனின் மண்ணில்.)

போனை வைத்த பிறகும் முரளி நகரவில்லை. வெயில் நடுவில், சட்டை நனைந்து முதுகில் ஒட்ட, தன் கட்டடத்தையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். சகுந்தலா பொறுத்துப் பார்த்தார். பிறகு போய் அவர் முழங்கையைப் பிடித்து, ஷெட்டுப் பக்கம் இழுத்தார்.

"போதும் சார், உள்ள வாங்க. ரொம்ப நேரம் நின்னா நீங்களும் விரிசல் வுட்டுருவீங்க."